எலுமிச்சை மேல் ஏறிய வண்டி

காளிதாஸ் வீட்டுக்கு வந்தால் நெட் போய்விடும். மல்லசமுத்திரத்தில் அந்தத் தெருவுக்கே தெரிந்த சங்கதி இது. அவன் லாரியில் குஜராத்துக்கு ஜவுளி லோடு ஏற்றிப் போயிருக்கும் நாளெல்லாம் அவன் மனைவி சித்ராவின் ஆன்லைன் வகுப்பு ஜம்மென்று நடக்கும். அவன் வந்து குளித்து ஒரு வாய் சோறு தின்பதற்குள், "ஹலோ, கேக்குதா? ஹலோ?" என்ற சத்தம் பின்னறையிலிருந்து கிளம்பிவிடும்.

சித்ரா சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். மத்தியானம் தொடங்கி விளக்கு வைக்கும்வரை வகுப்பு. நெட் கம்பி முன்வீட்டில் இருக்கிற ஒரு வெள்ளைப் பெட்டிக்கு வருகிறது. நடுவில் திறந்தவெளி வாசல்; அதைத் தாண்டிப் பின்னால் தனியாகக் கட்டிய அறையில் அதன் ஜோடிப் பெட்டி. இதிலிருந்து அதற்கு நெட் கம்பியில்லாமல் தாவும். மெஷ் என்று பெயர். தாவுகிற வழியில்தான் ஏதோ கோளாறு. குரலைச் சின்னச் சின்னப் பொட்டலமாக்கி அனுப்புகிறதாம். அதில் கொஞ்சம் வழியிலேயே காணாமல் போகிறதாம். இதை அவள் சொன்னபோது காளிதாஸுக்குச் சட்டென்று பிடிபட்டது. ஏற்றும்போது இருந்த துணி பேல் இறக்கும்போது குறைந்தால் யார் தலை உருளும் என்று அவனுக்குத் தெரியாதா?

செய்யாத வைத்தியம் இல்லை. பெட்டியை அணைத்துப் போட்டாள், ஒயரை மாற்றினாள், சேனலை மாற்றினாள். நெட் கம்பெனி ஆள் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டு, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று காபி குடித்துவிட்டுப் போனான். டாக்டர் வாசலை மிதித்ததும் பறந்துவிடும் பல்வலி மாதிரி, அவன் வந்த அன்றைக்கெல்லாம் கோளாறு இருக்காது. அந்த இரண்டு நாளும் காளிதாஸ் வெளியூரில் இருந்தான் என்பதை யாரும் யோசிக்கவில்லை. யோசித்தபோது பழி அவன் போன்மேல் விழுந்தது.

"நீங்க வந்து வீடியோ பாக்கறதுதானுங்க அத்தனையும் இழுக்குது" என்று ஒருநாள் ஆத்திரத்தில் சொல்லிவிட்டாள். "நீங்க வந்தாத்தானுங்க இந்த ஊட்டு நெட்டுக்குச் சனி புடிக்குது."

காளிதாஸ் வாக்குவாதம் பண்ணுகிற ஆள் இல்லை. அன்றிலிருந்து வீட்டுக்குள் நுழையும்போதே போனை அணைத்துவிடுவான். அப்படியும் நெட் போனது. அப்புறம் அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது, தன் ராசியே அப்படித்தானோ என்று. பதினெட்டு டயர் வண்டியைக் கட்டி மேய்க்கிறவன், ஒரு வெள்ளைப் பெட்டிக்குப் பயந்து தன் வீட்டில் பூனைபோல நடந்தான். சிரிப்பாகத்தான் இருக்கும். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்றைக்கு விஷயம் முற்றிவிட்டது. மத்தியான வகுப்பை, அவளுக்குச் சம்பளம் கொடுக்கிற டியூஷன் கம்பெனி மேலாளர் கூடவே இருந்து கவனிப்பாராம். இன்றும் குரல் விட்டுவிட்டுக் கேட்டால் அவள் வகுப்புகளை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்களாம். சித்ரா காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. காளிதாஸ் பையை எடுத்தான்.

"நான் கெளம்பறேன் சித்ரா."

"நாளைக்குத்தானுங்களே லோடு?"

"எடப்பாடி குடோன்லயே படுத்துக்கறேன். உனக்கு கிளாஸ் நல்லபடியா நடக்கட்டும்."

இருங்கள் என்று அவள் சொல்வாள் என எதிர்பார்த்தான். அவள் கம்ப்யூட்டரைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், தலை குனிந்துகொண்டாள். அது அவனுக்குச் சுருக்கென்று தைத்தது.

வண்டி வழக்கம்போல நடுவாசலில் கிழக்குப் பார்த்து நின்றது. நாலு பக்கமும் இரும்புத் தகடு அடித்த கன்டெய்னர் வண்டி. கற்பூரம் காட்டி, முன்சக்கரத்துக்கு அடியில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்து, ஏறி உட்கார்ந்து நகர்த்தினான். பழம் நசுங்கியது. வண்டி கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு மூக்கை நீட்டி, வால்பகுதியும் வெளியே வந்தபோது, கண்ணாடியில் சித்ரா தெரிந்தாள். செருப்புகூட இல்லாமல் ஓடிவந்தாள்.

"நில்லுங்க! ஏனுங்க, நில்லுங்க!"

பிரேக்கை மிதித்தான். "என்னாச்சு?"

"பின்னாடி எடுங்க! இருந்த எடத்துக்கே போங்க!"

"எலுமிச்சங்கா நசுங்குனதுக்கப்பறம் பின்னாடி எடுக்கறதா? எங்கப்பன் காலத்துலருந்து எடுத்ததில்ல புள்ள!"

"எடுங்கன்னா எடுங்க!"

அவள் முகத்தில் இருந்தது கோபம் இல்லை. வேறு என்னவோ. காளிதாஸ் சாமி படத்தை ஒரு தடவை பார்த்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, ரிவர்ஸ் போட்டான். சித்ரா பின்னறைக்கு ஓடினாள்.

"போயிருச்சுங்க!" உள்ளிருந்து கத்தினாள். "நூறு பொட்டலத்துல இருவது காணோம்! இப்ப முன்னாடி எடுங்க!"

முன்னால் எடுத்தான்.

"ஒண்ணுகூடக் காணாமப் போவல! மறுபடி பின்னாடி!"

அதற்குள் தெருவே கூடிவிட்டது. எதிர்வீட்டு பாவாயி அக்கா முறத்தோடு வந்து, "ஏஞ்சாமி, வண்டி ஓட்டப் பழகுறியா?" என்று கேட்டாள்.

சித்ரா வெளியே வந்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணில் தண்ணீர் வழிந்தது. "காலையிலருந்து இந்தப் பெட்டிக்கும் அந்தப் பெட்டிக்கும் டெஸ்ட் ஓட உட்டிருந்தனுங்க. வண்டி கேட்டைத் தாண்டுனதும் பொட்டலம் காணாமப் போறது நின்னுபோச்சு. இத்தனை இரும்பு ரெண்டுக்கும் நடுவுல நின்னா நெட்டு எப்படித் தாண்டும்? நீங்க எப்பவும் விடியக்காலையிலயே போயிருவீங்க, கிளாஸ் மத்தியானம். வண்டி போறப்ப நெட்டு என்னாகுதுன்னு நான் பாத்ததே இல்ல." வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க இல்லீங்க. வண்டிதானுங்க."

காளிதாஸ் ஸ்டியரிங்கில் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தான். நெஞ்சில் பாரம் ஏற்றி வைத்திருந்ததே இறங்கும்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. அப்புறம் வண்டியைக் கொண்டுபோய் ரோட்டோரப் புளியமரத்தடியில் நிறுத்தினான். கிழக்குப் பார்த்து நிறுத்துவதுதான் அவன் சகுனம்; இங்கே மேற்குப் பார்த்துத்தான் நிறுத்த முடிந்தது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டான்.

வகுப்பு நடந்தபோது அவன் முன்வீட்டில், அந்த வெள்ளைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்திருந்தான். ரொம்ப நாள் கழித்துத் தன் வீட்டுக்குள் போனை ஆன் பண்ணினான். ஆனாலும் எதையும் பார்க்கவில்லை. பின்னறைச் சத்தத்துக்கே காது கொடுத்திருந்தான். பின்னம், தசமம் என்று என்னென்னவோ கேட்டது. ஹலோ மட்டும் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

முடிந்ததும் சித்ரா வாசலைக் கடந்து வந்து பாயில் அவன் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தாள். "கிளாஸெல்லாம் எங்கிட்டயே இருக்கட்டும்னு சொல்லிட்டாருங்க."

"பாத்தியா?" என்றான் காளிதாஸ். "முழு நேரமும் நான் ஊட்டுலதான் இருந்தேன்."

"ஆமாங்க" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "இங்கதானுங்க இருந்தீங்க."