வாலுல கெட்டுன எலுமிச்சம்பழம்

எங்க வீட்டுக்காரரு நம்பிராஜன் வாயில வராத வார்த்த ஒண்ணு உண்டுன்னா அது ‘மாட்டேன்’தான். போலீஸ்ல சேந்த அன்னைக்கே அதக் கழட்டி ஸ்டேசன் வாசல்ல வச்சுட்டு உள்ள போயிட்டாரு போல. தீபாவளிக்கு லீவு கெடையாதுன்னா சரிங்கய்யா. கல்யாண நாளன்னைக்கு பந்தோபஸ்துக்குப் போன்னா சரிங்கய்யா. பக்கத்து வீட்டுக்காரன் நம்ம வாசல் கேட்ட மறிச்சு காரக் கொண்டாந்து நிறுத்திட்டு, இங்கன நிக்கட்டும்லா அண்ணாச்சின்னா அதுக்கும் சரி. நான் ரேசன் கடையில நிக்கவ. தெனமும் எத்தன பேருகிட்ட ‘சீனி வரல, அடுத்த வாரம் வாங்க’ன்னு சொல்லுதேன். இல்லன்னு சொல்லுதது என்ன பெரிய வித்தையா? இவருக்கு மட்டும் அது தொண்டையிலயே நின்னுருது.

இப்பேர்ப்பட்ட மனுசனுக்குத்தான் ரிட்டயர் ஆனதும் ஏரோப்ளேன் கிறுக்கு பிடிச்சுது. மத்தவங்க ரிட்டயர் ஆனா டீக்கடையில உக்காருவாங்க, கோயில் கமிட்டியில சேந்து சண்ட போடுவாங்க. இவரு செல்லுல எவனோ ரிமோட்டுல பிளேன் விடுதத பாத்தாரு, முடிஞ்சு போச்சு. மொதல்ல தெர்மாகோல்ல ரெடிமேடா வருதத வாங்கி, ஒடச்சு ஒடச்சு ஓட்டப் படிச்சாரு. அத்தோட விட்டாரா? கடையில வாங்குனதெல்லாம் பிளேனே இல்லையாம். நாம கையால செஞ்சு பறக்க விட்டாத்தான் பிளேனாம். அந்தக் காலத்து மாடல் ஒண்ணோட வரைபடத்த எங்கயோ பிடிச்சு, ஜெராக்ஸ் கடையில பெருசாக்கி, சாப்பாட்டு மேசையில விரிச்சு, சுத்தி குண்டூசியக் குத்திட்டாரு. அன்னையில இருந்து நாங்க தரையில உக்காந்துதான் சாப்பிடுதோம்.

பால்சான்னு ஒரு கட்ட. கையில வச்சா கனமே தெரியாது. அத பிளேடால சீவிச் சீவி, றெக்கைக்கு எலும்பு எலும்பா நறுக்கி ஒட்டுதாரு. கொழம்புல தூசி, தலவாணியில தூசி, என் மூக்குல தூசி. அடுப்பங்கரைக்கு வந்து ஒரு கருவேப்பில கிள்ளித் தர மாட்டாரு, அங்க றெக்க ஒரு நூலு கோணிட்டுன்னா சோறு எறங்காது. சரி, கோணலப் பாத்து நிமுத்தவாவது தெரியுதேன்னு நெனச்சுக்கிட்டேன். வீட்டுக்கு வெளிய எத்தனையோ கோணல் கெடக்கு, அது ஒண்ணும் இவரு கண்ணுல படாது.

றெக்கைக்குத் துணி ஒட்டி வார்னிஷ் அடிக்கதுக்கு இவரு பாத்து வச்ச மாசம் ஆனி. குற்றாலத்துல சாரல் விழுந்தா தென்காசியில அப்பளம் நமுத்துப் போவும், இது பச்சப்பிள்ளைக்கும் தெரியும். ஈரக் காத்து பட்டு வார்னிஷ் வெள்ளையாப் பூத்துட்டு. சுரண்டிட்டு மறுபடி அடிச்சாரு, மறுபடி பூத்துட்டு. கடைசியில பெட்ரூம் ஜன்னல அடச்சு, குண்டு பல்ப எரிய விட்டு, பிளேனக் கட்டில்ல படுக்க வச்சுட்டாரு. பேறுகாலத்துக்கு வந்த பிள்ளைய எழுப்பிரக்கூடாதுன்னு நடக்க மாதிரி, கதவ மெல்லத் தெறந்து மெல்லச் சாத்துதாரு. நான் பாயச் சுருட்டிக்கிட்டு ஹாலுக்கு வந்துட்டேன்.

இஞ்சினும் பழைய இஞ்சின்தான். ஸ்பிரிட்டுல விளக்கெண்ணெயக் கலந்து ஊத்தணும். வாசல்ல வச்சு முடுக்கினாருன்னா தெருவே எட்டிப் பாக்கும். போலீஸ்ல இருந்த மனுசன், எவனாவது போலீஸுக்குச் சொல்லிருவானோன்னு பயந்து ஒடனே நிறுத்திருவாரு. பொறவு ரெண்டு விரல றெக்கைக்கு அடியில குடுத்து பிளேனத் தூக்கிக் காட்டுவாரு. இப்படித் தூக்குனா மூக்கு லேசா கீழ சாயணுமாம். வாலு கனத்துட்டா பிளேன் நம்ம பேச்சக் கேக்காதாம். கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம் ஆயிட்டு.

இந்தக் கூத்துக்கு நடுவுலதான் ஸ்ரீவித்யா போன் பண்ணினா. எங்களுக்கு ஒரே பிள்ள. ஆலங்குளத்துல கெட்டிக் குடுத்திருக்கு. தென்காசியில ஒரு ஆஸ்பத்திரி லேப்ல ரத்தம், சர்க்கரையெல்லாம் டெஸ்ட் பண்ணுத வேல. பஸ்ஸுலதான் வந்து போவா. அவ மாமனாரு கோமதிநாயகத்துக்கு அங்கன பைப்பு, பெயிண்ட் கடை. மருமவ வெளிய போயி சம்பளத்துக்கு நிக்கதா, நம்ம கடையில உக்காந்து பில்லு போட்டாப் போதும்னு அவரு ஆரம்பிச்சுட்டாராம். மாப்பிள்ள சுபாஷ் அப்பா முன்னால செல்ல நோண்டிக்கிட்டு நிக்கதோட சரி. சீசன் குளிக்க எல்லாரும் வருதாங்க, அப்போ இந்தப் பேச்ச எடுத்து முடிச்சிருவாரு, அப்பா ஒரே ஒரு வார்த்த முடியாதுன்னு சொல்லணும்னு அழுதா. நான் படிச்ச படிப்பு பெயிண்ட் டப்பா எண்ணுததுக்கான்னு கேட்டா.

நான் சொல்ல மாட்டேனா? போன தடவையே சொல்லிப் பாத்தாச்சு. பொம்பளைங்க பேசுதத கோமதிநாயகம் கேக்கதே இல்ல, சிரிச்சிட்டு வெத்தலையப் போட்டுக்கிடுவாரு. ஆம்பள வாயில இருந்து வந்தாத்தான் அவருக்கு அது வார்த்த. போன இவருகிட்ட குடுத்தேன். மக சொன்னதெல்லாம் கேட்டுட்டு ‘சரிம்மா’ன்னாரு. ஊருக்கே சரி சொல்லுத மனுசன் சொன்ன சரிய நம்பி நான் என்ன செய்ய?

ஆடி மாசத்து ஞாயித்துக்கெழம கார் வந்து நின்னுச்சு. கோமதிநாயகம், அவரு வீட்டம்மா முப்பிடாதியம்மாள், சுபாஷ், ஸ்ரீவித்யா. அருவிக்குப் போற வழியில பிளேனையும் பாத்துட்டுப் போவோம்னு சம்மந்தி சொன்னாரு. போலீஸ்காரரு பொம்ம செய்யுதாருன்னு ஆலங்குளம் பூரா பேச்சுன்னு சொல்லி அவரே சிரிச்சுக்கிட்டாரு. குற்றாலம் ரோட்டுல பிளாட் போட்டு, ஆர்ச்சு கெட்டி, தார் ரோடும் போட்டு, ஒருத்தனும் வீடு கெட்டாம கெடக்க எடம் ஒண்ணு உண்டு. அங்கன எறங்கினோம். சாரல் விட்டிருந்துச்சு, காத்தும் அடங்கித்தான் கெடந்துச்சு.

றெக்கைய மாட்டி பிளேன ரோட்டுல நிறுத்தினாரு. செவப்பும் வெள்ளையுமா இருந்துச்சு. முப்பிடாதியம்மாள் பையில இருந்து எலுமிச்சம்பழம், மொளகா, ஒரு வெங்கல மணி எல்லாத்தையும் நூலுல கோத்து எடுத்தா. புது வண்டிக்குக் கெட்டாம எடுப்பாங்களா, மூக்குல காத்தாடி சுத்துது, அதனால வாலுல கெட்டுதேன்னு சொல்லி இறுக்கிக் கெட்டிட்டா. வாலுல! இந்த மனுசன் மொகத்துல ஈயாடல. நான் பாத்துக்கிட்டே நிக்கேன். ‘வேண்டாம் மதினி’. அவ்வளவுதான சொல்லணும். தன் சாமான் பையத் தெறந்தாரு. தூண்டிலுக்குப் போடுத ஈயக்குண்ட எடுத்து, மூக்குப் பக்கம் வச்சு டேப்ப ஒட்டினாரு. விரல் குடுத்துத் தூக்கிப் பாத்தாரு. இன்னொரு குண்டையும் ஒட்டினாரு. அந்த அம்மா கெட்டுன கனத்த அவுக்க வாயில்ல, அதுக்கு ஈடா இந்தப் பக்கமும் கனத்த ஏத்துதாரு. என் கல்யாண வாழ்க்க முழுக்க இவரு செஞ்சது இந்த ஒரு வேலையத்தான். தூன்னு துப்பலாம்னு வந்துச்சு எனக்கு.

ஆனா பறந்துட்டு. சும்மா சொல்லக்கூடாது, அழகாத்தான் பறந்துச்சு. தார் ரோட்டுல ஓடி, ஈயத்தையும் எலுமிச்சம்பழத்தையும் தூக்கிக்கிட்டு மெல்ல எந்திரிச்சு, பிளாட்டுக் கல்லுக்கெல்லாம் மேல போயி, மலைக்கு முன்னால ஒரு வட்டம் போட்டு வந்துச்சு. மேகம் எறங்கிக் கெடந்த மலைக்கு முன்னால அந்தச் செவப்பு றெக்க தனியாத் தெரிஞ்சுது. வெளக்கெண்ண வாசம் ரோடு பூரா. ஸ்ரீவித்யா கைய தட்டினா. இவரு நிமுந்து நின்ன நிப்ப நான் பரேடுல கூட பாத்ததில்ல. எனக்கு சந்தோசமாத்தான் இருந்துச்சு, மறைக்கதுக்கு என்ன?

ரெண்டாவது வட்டத்துக்கு கோமதிநாயகம் கைய நீட்டிட்டாரு. நாமளும் ஒரு ரவுண்டு விட்டுப் பாப்போம், கொண்டாங்க சம்மந்திங்காரு. எறக்கிட்டுத் தாரேன்னு சொல்லலாம். இது பழகாம வராதுன்னு சொல்லலாம். இவரு என்னப் பாத்தாரு, மகளப் பாத்தாரு. சொல்லுங்கன்னு நான் கண்ணாலயே அதட்டினேன். ஸ்ரீவித்யா தட்டுன கைய அப்படியே நிறுத்திட்டா. பையன் வீட்டுக்காரரு கைய நீட்டி நிக்காரு, பொண்ணப் பெத்தவன் இல்லன்னு சொல்லுததாவது. ரிமோட்டக் குடுத்துட்டாரு.

பிளேன் நமக்கு எதுக்க வரும்போது எடது வலது மாறித் தெரியும். அது இவரு அந்தத் தெர்மாகோல் பிளேன்கள ஒடச்சுப் படிச்ச பாடம். கோமதிநாயகம் எங்க படிச்சாரு? நேரா நம்மளப் பாத்து வந்த பிளேன ஒதுக்குதேன்னு ரிமோட்டுக் குச்சிய ஒரு பக்கமா அமுக்கினாரு. அது சரியா ஆர்ச்சுத் தூணுல போயி அடிச்சுது. பெரிய சத்தம் கூட இல்ல. றெக்க ரெண்டாப் பொளந்து, துணி கிழிஞ்சு, எலும்பு எலும்பாக் கொட்டிட்டு. எலுமிச்சம்பழம் மட்டும் ஒரு கீறல் இல்லாம ரோட்டுல உருண்டு வந்து என் காலுகிட்ட நின்னுச்சு.

இவரு முட்டு போட்டுப் பொறுக்க ஆரம்பிச்சாரு. சுபாஷ் செல்லுல போட்டோ எடுத்தாரு. முப்பிடாதியம்மாள் நல்லதாப் போச்சு, திருஷ்டி கழிஞ்சுட்டுன்னா. கோமதிநாயகம் ரிமோட்ட கார் மேல வச்சுட்டு, வெளயாட்டுச் சாமான்தான, வேற செஞ்சுக்கிடலாம்னுட்டு, அதே மூச்சுல, வேட்டியத் தட்டி விட்டுக்கிட்டே கேட்டாரு.

“அப்போ ஆவணி பொறந்ததும் ஸ்ரீவித்யா வேலைய விட்டுட்டு கடைக்கு வந்துரட்டும். என்ன சம்மந்தி, சரிதான?”

இந்தா சரின்னு வரப்போவுது, என் பிள்ள பெயிண்ட் டப்பாவுக்கு நடுவுல ஒக்காரப் போறான்னு நெனச்சேன். ஸ்ரீவித்யா தரையப் பாத்துக்கிட்டு நிக்கா. இவரு ஒடஞ்ச றெக்கையக் கையில வச்சுக்கிட்டு முட்டு போட்ட மேனிக்கு இருந்தாரு. எந்திரிக்கல. தலைய மட்டும் நிமுத்தினாரு.

“ஒங்க கையில குடுத்தது இது ஒண்ணு போதும் சம்மந்தி. அவ வேலைக்குத்தான் போவா.”

சத்தம் போடல, கோவப்படல. ஏதோ மணி என்னன்னு கேட்டவனுக்குச் சொல்லுத மாதிரி சொல்லிட்டு மறுபடி பொறுக்க ஆரம்பிச்சுட்டாரு. கோமதிநாயகம் மடியத் தடவினாரு. வெத்தலப் பெட்டியத் தேடினாரு, அது காருக்குள்ள கெடந்துச்சு. முப்பிடாதியம்மாள் குளிக்க நேரமாவுதுன்னு எல்லாரையும் வெரட்டினா. ஸ்ரீவித்யா காருல ஏறுததுக்கு முன்னால ரோட்டோரம் கெடந்த இஞ்சின எடுத்து, சேலையில தொடச்சு, அப்பா கையில குடுத்துட்டுப் போனா. ஆவணி பொறந்துட்டு, இன்னைக்கும் அவ ஆலங்குளத்துல இருந்து பஸ் ஏறி லேப்புக்குத்தான் வருதா. சம்மந்தி எங்க வீட்டுக்கு வரத்து இல்ல, வரலன்னா ஒண்ணும் கொறஞ்சு போவல.

அன்னைக்கு அவங்க கார் அருவிக்குப் போனதும் நாங்க ஒரு ஆட்டோவ மறிச்சு ஏறினோம். ஒடஞ்சதையெல்லாம் உரச்சாக்குல போட்டு மடியில வச்சிருந்தாரு. எனக்கு மனசு நெறஞ்சு போயி இருந்துச்சு, ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

“இந்த வாய ரிமோட்டக் கேக்கும்போதே தெறந்திருந்தா, ஏரோப்ளேனும் மிஞ்சிருக்கும்லா?”

சாக்குக்கு வெளிய நீட்டிக்கிட்டிருந்த ஒடஞ்ச கட்டய உள்ள தள்ளினாரு.

“அப்போ வாயில வரலட்டி,” ன்னாரு.

மறுபடி சாரல் விழ ஆரம்பிச்சுது. ஆட்டோவுக்குள்ளயும் அடிச்சுது. சாக்க என் பக்கம் இழுத்து முந்தானையப் போட்டு மூடினேன். வீட்டுக்குப் போனதும் எல்லாத்தையும் கட்டில்லயே பரப்பி வைங்க, நான் ஹால்ல படுத்துக்கிடுதேன்னு சொன்னேன்.

சரின்னாரு.