எந்த யாவோர்?

நாலு மணிக்கு வர வேண்டிய கார் ஐந்தாகியும் வரவில்லை. சொலோமியா மரத்தடியில் உட்கார்ந்தாள், எழுந்தாள், சாலைவரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

போர் தொடங்கிய வாரமே எட்டு வயது மகள் ஒரிஸ்யாவைப் பக்கத்து வீட்டுக்காரியோடு ஸ்லோவாக்கியாவுக்கு அனுப்பிவிட்டு, ஆஸ்பத்திரி வேலையை விட முடியாமல் உக்ரைனிலேயே தங்கிவிட்டவள் அவள். ஏழு மாதம் கழித்து இன்றுதான் எல்லை தாண்டினாள். அங்கே குழந்தைக்கு இடம் கொடுத்து, இன்று அவளைக் கூட்டிவரும் ஓந்த்ரேய் போனில் சொன்ன ஸ்லோவாக்கில் பாதி அவளுக்குப் புரியவில்லை. 'சர்ச்சு பக்கம், யாவோர் மரத்தடி' என்பது மட்டும் பளிச்சென்று விளங்கியது. அவள் ஊரிலும் அந்த மேப்பிள் வகைக்கு யாவிர் என்றுதானே பெயர்! அதோடு போன் செத்துப்போனது. அவர் எண்ணும் அதற்குள்தான் இருந்தது.

சர்ச் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்த பிளாஜெனாவிடம் மூன்றாவது முறையாகப் போய் நின்றாள். "அக்கா, இது யாவோர்தானே?"

"எத்தன தடவம்மா கேப்ப? யாவோரேதான். மரம் என்ன, நீ கேக்கக் கேக்க மாறிடுமா?"

"வேற யாவோர் இங்க உண்டா?"

"பின்னாடி, கல்லறைக்கிட்ட ஒண்ணு நிக்குது." பிளாஜெனா குப்பையிலிருந்து ஒரு மஞ்சள் இலையை எடுத்து நீட்டினாள். "இந்தா, அதோடதுதான்."

முனைகள் ஊசிபோல நீண்ட இலை. சொலோமியா உட்கார்ந்திருந்த மரத்தின் இலை இப்படி இல்லை. "இது க்ளென் ஆச்சே! எங்க ஊர்ல இத யாவிர்னு சொல்ல மாட்டோமே!"

"அது என்னமோ, எங்களுக்கு ரெண்டுமே யாவோர்தான்."

மீதியைக் கேட்க அவள் அங்கே இல்லை. பையைப் போட்டது போட்டபடி ஓடினாள். சர்ச்சைச் சுற்றித் திரும்பும்போது எதிரே ஒரு சின்ன உருவம் ஓடி வந்தது. பின்னால் ஒரு பெரியவர் மூச்சிரைக்கக் கத்திக்கொண்டு வந்தார்.

"அம்மா! இது க்ளென், யாவிர் இல்லன்னு நான் அப்பவே சொன்னேன். இந்த மாமா கேக்கவே மாட்டேன்னுட்டாரு!"

"கைய உதறிட்டு ஓடுறா! என்ன பொண்ணு பெத்து வச்சிருக்கீங்க!" என்றார் ஓந்த்ரேய், நெஞ்சைப் பிடித்தபடி.

சொலோமியா மண்ணில் முட்டிபோட்டு மகளின் முகத்தைத் தடவினாள். முன்பல் ஒன்று புதிதாக முளைத்திருந்தது. கோட்டின் கை குட்டையாகி மணிக்கட்டு வெளியே தெரிந்தது.

"அழாதம்மா. பசிக்குது, போலாமா?" என்றாள் ஒரிஸ்யா.