ஒரே படத்தில் இரண்டு ஹெட்மாஸ்டர்

இந்த ஒரு வகுப்பு சொதப்பினால் வேலை காலி. மொழி டீச்சருக்கு அது நன்றாகத் தெரியும். தற்காலிக வேலையை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவு செய்ய ஹெட்மாஸ்டரே கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிட்டார். முழங்கால் பெஞ்சுக்கு அடியில் நுழையவில்லை. முகமும் அதற்கேற்ப இருந்தது.

பிள்ளைகளோ வாயைத் திறக்காத ரகம். 'ஆமா டீச்சர்', 'இல்ல டீச்சர்' தாண்டி ஒரு சொல் பிடுங்க முடியாது.

அதற்காகத்தான் அந்தப் பனோரமா. ஆசிரியர் அறையின் நட்டநடுவில் நின்று, செல்போனோடு மெல்ல ஒரு முழுச் சுற்று சுற்றி எடுத்த படம். திரையில் அம்புக்குறி கோட்டைத் தாண்டி விலகக்கூடாதே என்ற கவலையில், எதைப் படம் எடுக்கிறோம் என்பதை அவள் கவனிக்கவேயில்லை.

"படத்தை நகர்த்திக்கிட்டே வாங்க. பார்க்கிறதைச் சொல்லுங்க."

முன்வரிசை ரெட்டைச்சடை மவுஸைப் பிடித்தாள். ப்ரொஜெக்டர் காட்டிய படம் சுவரில் நகர்ந்தது.

"மேஜை."

"நாற்காலி."

"இன்னொரு நாற்காலி."

கடைசி பெஞ்சில் ஒரு கொட்டாவி.

"அலமாரி பக்கத்துல ஹெட்மாஸ்டர் சார் நிக்கிறார்," என்றாள் ரெட்டைச்சடை. "கையில பிஸ்கட் டப்பா வெச்சிருக்கார்."

முதல் முழு வாக்கியம். டீச்சர் மகிழ்வதற்குள் படம் இன்னும் நகர்ந்தது. ஜன்னலோரத்தில் இன்னொரு ஹெட்மாஸ்டர். டப்பாவைக் காணோம். கன்னம் மட்டும் உப்பியிருந்தது.

கேமராவில் விழக்கூடாதென்று மனிதர் நழுவியிருக்கிறார். அதுவும் கேமரா திரும்பிய பக்கமாகவே!

விருந்தாளிகளுக்கான பிஸ்கட்டை யார் காலி செய்வது என்று போன வாரம்தான் அவர் கூட்டம் போட்டு, டிரில் மாஸ்டரை வறுத்தெடுத்திருந்தார்.

டீச்சர் மவுஸுக்குப் பாய்ந்தாள். ரெட்டைச்சடை விட்டால்தானே.

"ரெண்டு பேரும் அண்ணன் தம்பியா டீச்சர்?"

"லூசு, அதே சட்டை, அதே பேனா. முதல்ல எடுத்தார், அப்புறம் ஓடினார், ஓடிக்கிட்டே சாப்பிட்டார்."

"ஏன் ஓடணும்? கேட்டா குடுக்க மாட்டாங்களா?"

"அப்ப டப்பா எங்க போச்சு?"

"சட்டைக்குள்ள பாருடா. தொப்பை சதுரமா இருக்கு."

பெஞ்ச் கிறீச்சிட்டது. ஹெட்மாஸ்டர் எழுந்தார். டீச்சர் மனசுக்குள் மூட்டை முடிச்சைக் கட்ட ஆரம்பித்தாள்.

"இந்தப் பிள்ளைங்க வாயே திறக்காதுன்னு சொன்னீங்க."

"ஆமா சார்."

"இப்ப அடைக்க முடியலை."

"மன்னிச்சுக்குங்க சார்."

"எதுக்கு? அதுக்குத்தானே உங்களை வெச்சிருக்கு." கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "நாளையிலேர்ந்து நீங்க நிரந்தரம். டிரில் மாஸ்டர்கிட்ட நானே பேசிக்கிறேன். அந்தப் படத்தை மட்டும்..."

"சுத்து இன்னும் முடியல சார்," என்றாள் ரெட்டைச்சடை. "கதவுகிட்ட மூணாவதா ஒரு ஹெட்மாஸ்டர் சார் தெரியறார்."

ஹெட்மாஸ்டரே ஓடிப்போய் ப்ரொஜெக்டர் ஒயரைப் பிடுங்கினார்.