கீழ் டிராயர் சரக்கு

எலக்ட்ரானிக் சாமான் விற்கும் எங்கள் தெருவில் எந்த விலையையும் யாரும் மறுப்பதில்லை. கேட்ட விலைக்குத் தருவோம். அந்த விலைக்கு எது கட்டுமோ அதைத் தருவோம். மேல் டிராயரில் ஒரு சரக்கு, கீழ் டிராயரில் ஒரு சரக்கு. பேரம் ஒரு கோட்டுக்குக் கீழே இறங்கினால் எங்கள் கையும் கூடவே இறங்கிவிடும். பழைய வாடிக்கையாளர்களுக்கு இது தெரியும். "மேலேருந்து எடுப்பா" என்று சொல்லிவிட்டு அதற்குரியதைக் கொடுப்பார்கள். தெரியாதவர்கள் புதிதாக வருகிறவர்கள் மட்டும்தான். அவள் புதிதாக வந்தவள்.

மூன்று தெரு தள்ளி ஒரு கம்பெனியின் மூன்றாம் மாடியில் எஞ்சினியர். கிடங்குகளிலும் விளையாட்டு அரங்குகளிலும் உயரத்தில் தொங்குமே, கண்ணைப் பறிக்கும் மெட்டல் ஹேலைடு பல்பு, அதற்கு எலக்ட்ரானிக் சோக் செய்கிறாள். அந்தப் பல்பை நேராக மின்சாரத்தில் மாட்டினால் கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்த என் மாமாவைப் போலத்தான். போதும் என்று சொல்லவே தெரியாது, வெடிக்கும்வரை இழுக்கும். சட்டையைப் பிடித்து நிறுத்த ஒன்று வேண்டும். அதுதான் சோக். பழைய சோக் கைக்குழந்தை கனம் இருக்கும். அவளுடையது சோப்பு டப்பா அளவு.

"பல்புக்கு வயசாக ஆக வோல்டேஜ் அதிகமாக் கேக்கும். என் டப்பா அதைப் பாத்துக்கிட்டே கரண்டைக் குறைச்சுக்கும். மொத்த பவர் அப்படியே இருக்கும்" என்றாள் முதல் நாள்.

"எங்க அக்கா மாதிரின்னு சொல்லுங்க. நான் அதிகமாக் கேக்கக் கேக்க, குறைச்சுக்கிட்டே வருவா."

கல்லாவில் இருந்த அக்கா தலையைத் தூக்காமல், "நாப்பத்திமூணு வயசுல இன்னும் கைச்செலவு கேக்கறவன்கிட்ட வேற என்ன பண்றது மேடம்?" என்றாள்.

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு பேரத்தை ஆரம்பித்தாள். அதிர்வெண்ணை நிர்ணயிக்கும் சின்ன கண்டன்சர், சூடானாலும் அளவு மாறாத ரகம், நூறு வேண்டும் என்றாள். நான் ஒரு விலை சொன்னேன். அவள் பாதி சொன்னாள். நான் அழுதேன், அழுவது எங்கள் குலத்தொழில். அவள் பையை மூடிக்கொண்டு நடந்தாள். பேரத்தில் நடப்பவர்கள் நாலாவது அடியில் திரும்பிப் பார்ப்பார்கள். இவள் பார்க்கவில்லை. அடுத்த கடை வாசல்வரை போய்விட்டாள். நான்தான் ஓடிப்போய்க் கூப்பிட்டேன். கூப்பிட்டுவிட்டு, பழக்கதோஷம், கீழ் டிராயரைத் திறந்தேன்.

அதற்குப் பிறகு வியாழக்கிழமைதோறும் வந்தாள். நானும் வியாழக்கிழமைதோறும் இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தேன். ஒரு ரெசிஸ்டருக்கு அரை மணி நேரம் பேரம் பேசுவோம். வேறு யாராவது அப்படிப் பேசினால் பொட்டலத்தை மூஞ்சியில் எறிந்திருப்பேன்.

மூன்றாவது மாதம் அவள் முகம் வாடி வந்தாள்.

"வெளிச்சம் ஆடுது."

"பல்பு சரியில்லையோ என்னவோ."

"ஏழு பல்பு மாத்திட்டேன். உள்ள இருக்கற வாயு சில அதிர்வெண்ணுல அதிர ஆரம்பிச்சிடும். அப்ப உள்ள எரியற தீக்கோடு பாம்பு மாதிரி நெளியும். எங்க அதிராதோ அந்தச் சின்ன இடத்தைக் கண்டுபிடிச்சுதான் டப்பாவை வெச்சிருக்கேன். இருபது நிமிஷம் ஒழுங்கா எரியுது. அப்புறம் ஆட ஆரம்பிக்குது. என்னன்னு பாக்க டப்பா மூடியத் திறந்தா ஆட்டம் நின்னுடுது."

"வெக்கப்படுது போல."

அவள் சிரிக்கவில்லை. நானும் அதற்குமேல் சிரிக்கவில்லை. எனக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. மூடினால் டப்பா சூடாகும். சூடானால் என் கீழ் டிராயர் கண்டன்சர் அளவு மாறும். அளவு மாறினால் அதிர்வெண் நகர்ந்து, அவள் தேடிப் பிடித்த அமைதியான இடத்தைவிட்டு வெளியே போய்விடும். மூடியைத் திறந்தால் காற்று பட்டு ஆறிவிடும், எல்லாம் பழையபடி. அவள் பல்பைச் சந்தேகப்பட்டாள், தன் கணக்கைச் சந்தேகப்பட்டாள். கடைக்காரனைச் சந்தேகப்படவில்லை.

சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. "இந்த டிரான்சிஸ்டரை மாத்திப் பாருங்களேன்" என்று சொன்னது அதே வாய்தான். அடுத்த வியாழனும் வந்தாள். அதற்கடுத்த வியாழனும்.

நாலாவது வியாழன் வந்தபோது பேரமே பேசவில்லை. நான் சொன்ன விலையைக் கேட்டுத் தலையாட்டினாள்.

"வர்ற புதன்கிழமை முதலாளி பாக்க வர்றாரு. நாப்பது நிமிஷம் மூடி போட்டு எரியணும். ஆடிச்சுன்னா இந்த வேலையை மூடிடுவாங்க. என்னை சர்வீஸ் பக்கம் தள்ளிடுவாங்க. பழசைப் பிரிச்சு சாமான் மாத்தற வேலை. தினமும் உங்க கடைதான்."

"ஆடலன்னா?"

"பெரிய ஆலை இருக்கற ஊருக்கு அனுப்புவாங்க. ஆயிரக்கணக்குல பண்ணலாம்." கண்ணாடிக் கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எட்டு வருஷமா அதுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கேன்."

அவள் போன பிறகு அக்கா பேனாவைக் கீழே வைத்தாள்.

"அந்தப் பொண்ணுக்கு எந்த டிராயர்டா?"

நான் தூசி தட்டினேன்.

"உன்னத்தான் கேக்கறேன். இல்லாத தூசிய எத்தனை தடவ தட்டுவ?"

"கீழ."

அக்கா கல்லாவைச் சாத்தினாள். வியாபார நேரத்தில் அவள் செய்யாத காரியம். பிறகு சொன்னாள்: "பேரம் பேசினவளுக்குக் கீழேருந்து குடுத்தது வியாபாரம். தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு இருக்கறதுக்கு என்ன பேருன்னு நீயே வெச்சுக்க."

ஐந்து நாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வெளிச்சம் ஆடினால் தினமும் வருவாள். வாடிய முகத்தோடு வருவாள். தினமும் அந்த முகத்துக்கு நான் சாமான் எடுத்துக் கொடுக்க வேண்டும். எந்தப் பக்கம் தள்ளிப் பார்த்தாலும் அந்த வியாபாரம் கட்டவில்லை.

புதன்கிழமை காலை மேல் டிராயரிலிருந்து பத்து கண்டன்சரை எடுத்துக்கொண்டு மூன்று மாடி ஏறினேன். மேஜை முழுக்க வயர். அவள் நெற்றியில் கறுப்புக் கண்ணாடியை ஏற்றியிருந்தாள். ஒரு லென்ஸ் வழியாகப் பல்பின் தீக்கோடு சுவரில் விரல் நீளத்துக்கு விழுந்துகொண்டிருந்தது. நெளிந்துகொண்டிருந்தது.

"நீங்க எங்க இங்க?"

"இதை மாட்டுங்க. நான் குடுத்தது சூடு தாங்காத ரகம்."

என்னைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள். வாங்கி, சுவிட்சை அணைத்து, பழையதைப் பிடுங்கி, புதியதை ஈயம் வைத்துப் பற்ற வைத்தாள். பல்பு ஆறியதும் டப்பா மூடியைத் திருகி, பல்பை மறுபடி ஏற்றினாள். சுவரில் கோடு விழுந்தது.

நாற்பது நிமிடம். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். விலை பேசாமல் அவள் பக்கத்தில் நான் இருந்தது அது ஒன்றுதான். இருபது நிமிடம் தாண்டியது. கோடு நெளியவில்லை. முப்பது. நூல் கட்டித் தொங்கவிட்டதுபோல நேராக நின்றது. அவள் மூச்சு சீராக வருவது கேட்டது. நாற்பதாவது நிமிடம் சுவிட்சை அணைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

கையை எடுத்தபோது போன் அடித்தது. முதலாளி கீழே வந்துவிட்டார். அவசரத்தில் சுவிட்சைப் போட்டாள். பல்பு பற்றவில்லை. சூடான பல்பு உடனே பற்றாது, ஆறினால்தான் பிடிக்கும். அவளுக்குத் தெரியாததா? சந்தோஷத்தில் மறந்துவிட்டாள்.

"பத்து நிமிஷம் ஆகும். கீழ டீ குடிக்க வைங்க" என்று போனில் யாரிடமோ சொல்லி வைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"நீங்க மூடியத் திறந்தா நிக்குதுன்னு சொன்ன அன்னிக்கு."

"அது ஒரு மாசம் முன்னாடி."

"ஆமா."

"ஒரு மாசம் நான் தூங்கல. ஏன் சொல்லல?"

ஆயிரம் வாடிக்கையாளருக்கு ஆயிரம் பதில் சொன்னவன் நான். தேடினால் இப்போதும் நல்லதாக ஒன்று கிடைத்திருக்கும்.

"சொன்னா வேலை முடிஞ்சிடும். அப்புறம் நீங்க வரமாட்டீங்க."

அவள் பல்பைப் பார்த்தாள். நான் என் செருப்பைப் பார்த்தேன். கீழே யாரோ கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"இதைச் சொல்றதுக்கு வேற வழியே தெரியலையா உங்களுக்கு?" என்றாள். கோபம் இருந்தது. கோபம் மட்டும்தானா என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தராசு இல்லை.

"பேரம் மட்டும்தான் தெரியும்."

"அதுவும் சுமார்தான்."

படியில் செருப்புச் சத்தம் ஏறியது. சுவிட்சைப் போட்டாள். இந்த முறை பிடித்தது. முதலில் நீலமாக மங்கி, மெதுவாக வெளுத்துக்கொண்டே வந்தது. அந்த நீலத்தில் அவள் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டேன். கதவு திறந்தது. அவள் முதுகை நிமிர்த்தினாள்.

"யாரு இவரு?" என்றார் முதலாளி.

"சாமான் கடைக்காரர் சார். கிளம்பிட்டாரு."

கிளம்பினேன். படியிறங்கி ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் நின்று அண்ணாந்து பார்த்தேன். உச்சி வெயில். மூன்றாம் மாடியில் எல்லா ஜன்னலும் ஒரே மாதிரி வெளுத்துக் கிடந்தன. எது அவளுடையது என்று தெரியவில்லை. ஆனாலும் நாற்பது நிமிடம் நின்றேன்.