ஆமையை விற்றவனும் ஆமையைத் தின்றவளும்

லோபாக்காவுக்கு உருண்டை மட்டும்தான் செய்யத் தெரியும். உலைக்குள் கம்பியை விட்டுக் கண்ணாடிக் குழம்பைச் சுருட்டி எடுத்து, இப்படியும் அப்படியும் உருட்டி, காகிதம் பறக்காமல் மேசைமேல் வைக்கிற குண்டு ஒன்றைச் செய்துவிடுவான். அதிலும் பாதி கோணலாக வரும். ஆனால் ஹவாய்த் தீவின் ஹீலோ ஊர்க் கடைத்தெருவில் தொங்குகிற பலகையைப் பாருங்கள்: 'லோபாக்கா, கண்ணாடி ஆமைகளின் கலைஞர்'. பக்கத்தில் அவன் படம் வேறு. சட்டையில்லாமல், கழுத்தில் இலைமாலையோடு, என்னவோ நேற்றுதான் கடலிலிருந்து எழுந்து வந்தவன் மாதிரி ஒரு பார்வை.

அந்த ஆமைகளைச் செய்கிறவள் அவனுடைய பெரியப்பா மகள் இவாலானி. கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில், தலையில் துணி கட்டிக்கொண்டு, உலை வெக்கையில் வெந்துகொண்டிருப்பாள். அவள் படம் எங்கும் கிடையாது. அதில் அவளுக்கு வருத்தமும் கிடையாது. படம் போட்டுக்கொள்கிறவர்களைப் பற்றி அவளுக்கிருந்த மரியாதை அவ்வளவுதான்.

கப்பல் வந்து நிற்கிற நாட்களில் கடை நிரம்பிவிடும். வெயிலில் சிவந்துபோன வெள்ளைக்காரர்கள் புத்தம்புதுப் பூச்சட்டை மாட்டிக்கொண்டு வந்து, ஆமையைத் தூக்கி அடிவயிற்றைத் திருப்பிப் பார்ப்பார்கள். விலை அங்கேதான் ஒட்டியிருக்கும். ஹவாயில் ஆமைக்கு வந்த வாழ்வை நினைத்தால் இவாலானிக்கு வாயில் நல்ல வார்த்தையே வராது. கால்மிதியில் ஆமை, குளியலறைத் திரையில் ஆமை, காரின் பின்புறத்தில் ஆமை. கேட்டால் அதிர்ஷ்டமாம், நீண்ட ஆயுளாம், மன அமைதியாம். மன அமைதி வேண்டுமென்றால் வாயை மூடிக்கொண்டு வீட்டில் உட்கார வேண்டியதுதானே, அதற்கு எதற்கு இவ்வளவு தூரம் கப்பலேறி வர வேண்டும் என்பாள்.

அவளுடைய அம்மா எமலியாவின் வீட்டில் ஆமை என்றால் மூதாதை. செத்துப்போன பெரியவர்கள் அந்த உடம்பில் வந்து பிள்ளைகளைக் காப்பார்கள். சில வீடுகளுக்குச் சுறா, சில வீடுகளுக்கு ஆந்தை, எமலியாவின் வீட்டுக்கு ஆமை. அதை ஊரைக் கூட்டிச் சொல்லிக்கொள்கிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. பின்னே இவள் மட்டும் கண்ணாடியில் ஆமை செய்து விற்கலாமா என்றால், வயிறு என்று ஒன்று இருக்கிறதே. தவிர, அதற்கும் ஒரு சமாதானம் கண்டுபிடித்து வைத்திருந்தாள். அம்மா சொன்ன ஆமைக்கு இடது பின்துடுப்பில் ஒரு துண்டு இல்லை. விற்கிற ஆமைகளுக்கு நான்கு துடுப்பும் முழுசு. ஆகவே அது வேறு, இது வேறு.

அன்று காலை அவள் ஓர் ஆமைக்குத் துடுப்பு இழுத்துக்கொண்டிருந்தாள். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் லோபாக்காவின் வியாபாரக் குரல் கேட்டது. தேனில் குழைத்த குரல்.

"எங்கம்மா சின்னப் பொண்ணா இருந்தப்போ, புனா கரைக்கு வெளியில படகு கவுந்துடுச்சுங்க. சுத்தி பவளப்பாறை. அலை தூக்கி அடிச்சா உடம்பு கந்தல். அப்போ ஒரு ஆமை மேல வந்து அவங்க முகத்தைப் பாத்துச்சு. இடது பின்துடுப்புல ஒரு துண்டு இல்ல. அது முன்னால போச்சு, இவங்க பின்னாலயே போனாங்க. பாறைக்கு நடுவுல ஒரு இடுக்கு. அது வழியா கரையில கொண்டுவந்து விட்டுட்டுத்தான் அது திரும்பிப் போச்சு."

யாரோ ஒரு பெண்மணி மூக்கை உறிஞ்சினாள். அடுத்தபடியாகக் கல்லாப்பெட்டி திறந்த சத்தம் கேட்டது.

இவாலானி கம்பியைச் சுழற்ற மறந்துபோனாள். ஆமை தொய்ந்து, வழிந்து, தரையில் சொத்தென்று விழுந்தது. அது அவளுடைய அம்மாவின் கதை. அந்த வீட்டில் பிள்ளை பிறந்தால், முதல் பால் கொடுக்கும் முன் அதன் காதில் சொல்கிற கதை. வேறெங்கும் வாய்திறக்க மாட்டார்கள். எமலியா சாகக் கிடந்தபோது இன்னொரு தடவை தன் வாயால் அதைச் சொன்னாள். கட்டிலை நகர்த்த ஆள் வேண்டுமென்று கூப்பிட்டதால் அந்த நேரம் லோபாக்காவும் அறையில் நின்றான். மூக்கைச் சிந்தி அழக்கூடச் செய்தான். அழுதுகொண்டே சரக்கைப் பத்திரப்படுத்திவிட்டான், பாவி.

இவாலானியின் மகள் லெஹுவாவுக்கு அடுத்த மாதம் பிரசவம். அந்தப் பிள்ளையின் காதில் இந்தக் கதையைச் சொல்ல வேண்டியவள் இவாலானி. அதற்குள் இந்தத் தடியன் அதைப் பரிசுப்பெட்டியில் வைத்து ரிப்பன் கட்டிக் கொடுத்துக்கொண்டிருக்கிறான்.

மத்தியானம் அவன் கொட்டகைக்குள் வந்து உட்கார்ந்து, டப்பா இறைச்சி வைத்த சோற்றுக்கட்டியைப் பிரித்துத் தின்ன ஆரம்பித்தான்.

"டேய், படகு கவுந்தது யாரோட அம்மாவுக்கு?"

"கேட்டுட்டியாக்கா?" கொஞ்சமும் கூசாமல் சிரித்தான். "ஒரே கதையில மூணு ஆமை போச்சு! அதிர்ஷ்டம், ஆயுசுன்னு சொன்னா இப்பல்லாம் ஒருத்தனும் அசைய மாட்டேங்கிறான். பக்கத்துக் கடையிலயும் அதே அதிர்ஷ்டம்தான், பாதி விலைக்கு."

"நம்ம அப்பாங்க வீட்டுக்கு ஆந்தைடா. ஆந்தை செஞ்சு வில்லு."

"ஆந்தையை எவன் வாங்குவான்? மூஞ்சியைப் பாத்தாலே பயந்துடுவான்." விரலை நக்கிக்கொண்டான். "அதை விடு. சனிக்கிழமை கோனா ஹோட்டல் திறப்புவிழா. எல்லார் முன்னாலயும் ஒரு ஆமை செஞ்சு காட்டணும். புடிச்சிருந்தா அறைக்கு ஒண்ணுன்னு ஆர்டர் தருவாங்க. ஒரே ஒரு சின்ன விஷயம். இடது பின்துடுப்புல ஒரு துண்டு இல்லாம செய்யணும். கதைக்கு ஒத்துப்போகணுமில்ல?"

"வெக்கமா இல்லையாடா உனக்கு? சாகப்போறவ வாயிலேர்ந்து புடுங்கி வித்திருக்கியே, நீயெல்லாம் மனுஷனா?"

அவன் மெல்லுவதை நிறுத்தினான். "நான் கதையைத்தான் வித்தேன். ஆமையை யாரு வித்தா? இத்தனை வருஷமா உன் மூதாதையை உலையில போட்டுச் சுட்டு, டப்பாவுல அடைச்சு அமெரிக்கா பூரா அனுப்பினது யாரு? இப்ப மட்டும் பெரிய யோக்கியம் பேசுற."

அது உறைத்தது. நன்றாகவே உறைத்தது. துடுப்பு முழுசு என்ற சமாதானத்தை அவனிடம் சொன்னால் வயிறு குலுங்கச் சிரிப்பான் என்று அவளுக்குத் தெரியும். இந்த அற்பனிடம் போய் இப்படிச் சிக்கிக்கொண்டோமே என்று அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"விழாவுக்கு வர்றேன். ஆமை செஞ்சு தர்றேன். துடுப்பு முழுசா இருக்கும். அந்தக் கதை மட்டும் உன் வாயிலேர்ந்து வந்துச்சு..."

"சொல்லலக்கா, போதுமா? சத்தியமா சொல்லல." நெஞ்சில் கை வைத்தான். சட்டையில் சோற்றுப்பருக்கை ஒட்டிக்கொண்டது.

கோனா பக்கத்து ஹோட்டலைப் பற்றி என்ன சொல்ல. கறுத்த எரிமலைப் பாறையை உடைத்து, மேலே மண் கொட்டி, பச்சைப் புல் விரித்து, 'இயற்கையின் மடி' என்று பேர் வைத்திருந்தார்கள். புல்வெளி நடுவில் சக்கரம் வைத்த உலை. சுற்றிலும் விருந்தினர்கள், கையில் கோப்பைகளோடு. விழாவை நடத்திய கோர்ட்னி என்ற பெண் கலிபோர்னியாவிலிருந்து வந்து சேர்ந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். அதற்குள் காதோரம் பூ செருகிக்கொள்ளப் பழகியிருந்தாள்.

முன்வரிசையில், கழுத்து மறையும்படி பூமாலைகளோடு ஹேட்டி சித்தி உட்கார்ந்திருந்தாள். லோபாக்காவைப் பெற்றவள். காது மந்தம், வாய் மந்தமில்லை.

"சித்தியை எதுக்குடா கூட்டிட்டு வந்த?"

"சும்மா, வீட்டுலயே கெடக்குறாங்களேன்னு," என்றான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

இவாலானி வேலையைத் தொடங்கினாள். பச்சைக் கண்ணாடியைச் சுருட்டி எடுத்து, முதுகோட்டை உருட்டி, அதன்மேல் கட்டங்களை அழுத்தி, தலையை இடுக்கியால் இழுத்து விட்டாள். நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது. லோபாக்கா ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, ஆமை அமைதி, ஆமை ஆயுள் என்று அளந்துகொண்டிருந்தான். கூட்டம் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு பெரியவர் வெளிப்படையாகக் கொட்டாவி விட்டார். அதைப் பார்த்ததும் லோபாக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"எங்கம்மா சின்னப் பொண்ணா இருந்தப்போ..." என்று ஆரம்பித்துவிட்டான்.

படகு கவிழ்ந்தது. அலை அடித்தது. ஆமை வந்தது. முடிவில் கையை நீட்டி, "அந்தப் பொண்ணு இதோ உக்காந்திருக்காங்க, எங்கம்மா!" என்றான். கூட்டம் ஆவென்று வாய் பிளந்தது. சிரிக்கச் சொல்லிக் கூட்டி வந்திருந்ததால் ஹேட்டி சித்தி எல்லாப் பக்கமும் திரும்பிச் சிரித்தாள். "இப்போ என் உதவியாளர் அந்த இடது பின்துடுப்புல ஒரு துண்டைக் கத்தரிச்சுக் காட்டுவாங்க!"

கதையைத் திருடினான், சரி. அம்மாவையே ஆளை மாற்றி உட்கார வைத்துவிட்டானே! இவாலானிக்குக் கோபத்தில் காது அடைத்தது. கம்பியைச் சுழற்றிக்கொண்டே அவன் பக்கத்தில் போய், அதை அவன் கையில் திணித்தாள்.

"இந்தா. உங்கம்மாவைக் காப்பாத்தின ஆமைதானே? நீயே செய்."

"அக்கா, விளையாடாதக்கா," என்று பல்லைக் கடித்துக்கொண்டு முனகினான்.

"சுத்துடா. சுத்தாட்டி விழுந்துடும்."

போய்ச் சித்திக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, கடந்துபோன தட்டிலிருந்து ஒரு பழச்சாறு எடுத்துக்கொண்டாள்.

லோபாக்கா சுற்றினான். இடுக்கியை எடுக்கக் கை நீட்டினான், சுற்ற மறந்தான். ஆமை ஒருபக்கமாகத் தொய்ந்தது. பதறிப்போய் உலையில் காட்டினான். இழுத்து வைத்த தலை மறுபடி உடம்புக்குள் போய்விட்டது. துடுப்பு என்று எதையோ பிடித்து இழுத்தான், அது நூலாக நீண்டு அறுந்தது. கடைசியில் பழக்கதோஷம், தனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தான். உருட்டினான். அதுவும் கம்பியை விட்டுக் கழன்று புல்மேல் விழுந்து புகைந்தது.

"என்ன அது, உருளைக்கிழங்கா?" என்றார் கொட்டாவிக்காரர்.

ஹேட்டி சித்தி இவாலானியின் தொடையைக் கிள்ளினாள். "ஏண்டி, என்ன சொன்னான் இவன்? எல்லாரும் எதுக்கு என்னையே பாக்குறாங்க?"

"உங்களைக் கடல்ல ஆமை காப்பாத்துச்சாம், சித்தி."

"என்னையா?"

நிலைமையைச் சமாளிக்கக் கோர்ட்னி ஒலிபெருக்கியைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவந்து சித்தியின் வாய்க்கு நேராக நீட்டினாள். "அம்மா, அந்த ஆமையைப் பத்தி நீங்களே ரெண்டு வார்த்தை சொல்லுங்களேன்!"

"ஆமை என்னைக் காப்பாத்தலம்மா," என்றாள் ஹேட்டி சித்தி. புல்வெளி முழுக்கக் கேட்டது. "நான்தான் ஆமையைத் தின்னேன். ஆமை புடிக்கக்கூடாதுன்னு சட்டம் வர்றதுக்கு முன்னால. இஞ்சி தட்டிப் போட்டு மெதுவா வேகவிட்டா, கோழி தோத்துடும்."

ஒரு பெண்மணி முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அந்தக் கதை எமலியாவோடது. இதோ இருக்காளே, இவளைப் பெத்தவ. என் பையன் சின்னதுலேர்ந்தே கைநீளம்."

லோபாக்கா உலைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். கோர்ட்னியோ ஒரு நொடிதான் திகைத்தாள். அப்புறம் அவள் முகத்தில் விளக்கு எரிந்தது. ஒலிபெருக்கி இவாலானியிடம் திரும்பியது.

"அப்போ உங்கம்மாவா! இது இன்னும் அருமையா இருக்கே! ஆமையும் நீங்க செய்றீங்க, கதையும் உங்களோடது! இங்கேயே உங்களுக்கு ஒரு உலை வெச்சுத் தர்றோம், உங்க பேர்லயே. வாராவாரம் வந்து இதைச் சொன்னா போதும். இப்போ கொஞ்சம் சொல்லுங்களேன்!"

சொந்த உலை. சொந்தப் பேர். அந்தத் தகரக் கொட்டகையில் வெந்த இத்தனை வருடங்களில் அவள் வேறு எதற்கு ஆசைப்பட்டாள்? ஒரு கணம் அவளுக்கு நாக்கில் எச்சில் ஊறியது உண்மை. அதற்காகவே தன்னைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்று தோன்றியது. சுற்றிலும் கைப்பேசிகள் அவளை நோக்கி உயர்ந்தன. புனாக் கடலில் மூச்சுமுட்டிய ஒரு பெண்ணை, விருந்துக்கு முன் கொறிக்கக் காத்திருக்கும் முகங்கள். இவள் மறுத்தாலும் கதை தங்காது. ஒருவர் விட்டால் இன்னொருவர் எடுத்துக்கொள்வார்.

"எங்கம்மாவுக்கு நல்லா நீச்சல் தெரியும்," என்றாள் இவாலானி. "படகு கவுந்துச்சு. நீந்திக் கரைக்கு வந்தாங்க. ஆமையெல்லாம் ஒண்ணும் கிடையாது. அது இவன் வியாபாரத்துக்குக் கட்டிவிட்டது."

ஹேட்டி சித்தி அவளைத் திரும்பிப் பார்த்தாள். எமலியா சாகக் கிடந்தபோது கட்டிலருகே இருந்து, அவள் வாயாலேயே அந்தக் கதையைக் கேட்டவள். இரண்டு கண்ணையும் சிமிட்டினாள். பிறகு ஒலிபெருக்கியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ஆமா ஆமா. எமலியா நீந்தினா மீன் தோத்துடும்."

கோர்ட்னி காதோரப் பூவைச் சரிசெய்துகொண்டு, விருந்து தயார் என்று அறிவித்தாள். கைப்பேசிகள் இறங்கின. கூட்டம் தட்டைத் தேடிக் கலைந்தது. புல்மேல் கிடந்த உருண்டை டிக்கென்று ஒரு சத்தம் போட்டு இரண்டாகப் பிளந்தது. அதைக்கூட யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கார் நிறுத்துமிடத்தில் லோபாக்கா மூச்சிரைக்க ஓடிவந்தான். "ஏன்க்கா இப்படிப் பண்ணின? அது நெசம்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும். அதான் சொன்னேன். இனிமே நீ அதை எவன்கிட்ட சொன்னாலும் பொய்தான். நான் சொன்னதை எல்லாரும் படம் புடிச்சு வெச்சிருக்காங்க. போய் வித்துப் பாரு."

"திங்கக்கிழமை வேலைக்கு வருவேல்ல?"

"உருண்டை செய்டா. உனக்கு வந்தது அதுதான்."

மகனுடைய வண்டியில் ஏற மாட்டேன் என்று சித்தி இவாலானியோடு வந்துவிட்டாள். மலை ஏறி இறங்கி ஹீலோ பக்கம் வந்ததும் வழக்கம்போல மழை பிடித்துக்கொண்டது. பூமாலைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பின்சீட்டில் எறிந்தாள் சித்தி. இவாலானிக்கு ஊர் முன்னால் அம்மாவை மறுத்த நாக்கு வாய்க்குள் கசந்துகொண்டிருந்தது.

"லெஹுவாவுக்கு எப்போடி?"

"அடுத்த மாசம்."

"புள்ள காதுல சொல்லும்போது நானும் உள்ள இருக்கட்டுமா?"

"ஆமை தின்ன வாய்க்கு அங்க இடமில்ல சித்தி. வெளியில நில்லுங்க."

சித்தி கடைசிப் பூமாலையையும் கழற்றிப் பின்சீட்டில் எறிந்தாள்.

"சரி, நிக்கிறேன். கதவை மட்டும் திறந்து வெச்சுத் தொலை," என்றாள். "எனக்குக் காது மந்தம்."