பொம்மையின் இடுப்பளவு

வெட்டும் அறையில் இருந்த மரப்பொம்மையின் இடுப்பு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மூன்று அங்குலம் பெருத்திருந்தது. தலையும் கையும் இல்லாமல் இரும்புக் காலில் நிற்கும் வெறும் உடம்புப் பொம்மை அது. அந்த ஆடை நிறுவனத்தில் தைக்கிற உடுப்பு எதுவானாலும் அதன் மேல் போட்டுப் பார்த்துத்தான் வெட்டுவார்கள். பதினோரு வருடம் இருபத்துமூன்று அங்குலத்தில் ஒழுங்காக நின்றது, திடீரென்று இருபத்தாறு காட்டியது. கட்டிங் மாஸ்டராக இருந்த பெண் முதலில் இஞ்ச் டேப்பைத்தான் சந்தேகப்பட்டாள். வேறு டேப் எடுத்தாள், அதுவும் இருபத்தாறு. ஈரத்துக்கு மரம் ஊதுவதுண்டு என்று தன்னைத் தேற்றிக்கொண்டு வேலையைப் பார்த்தாள். அப்போது மழைக்காலம் இல்லை. சனிக்கிழமை பெரிய காட்சி. ஏழு மாடல் பெண்கள், நாற்பது உடுப்புகள்.

செவ்வாய் மாடல்களுக்கும் அளவு நாள். இருபத்துமூன்றைத் தாண்டினால் பட்டியலில் பெயரை அடித்துவிடுவார்கள். ஏழு பேரில் கடைசியாகச் சேர்ந்தவள் கட்டிங் மாஸ்டரின் தங்கை. சின்ன வயதில் கன்னம் உப்பி இருந்ததால் வீட்டில் அவளுக்குப் பூசணி என்று பெயர், வைத்தவள் அக்காவேதான். பதினான்கு மாதத்துக்கு முன் தங்கை வேலை கேட்டு வந்தபோது இடுப்பு இருபத்துநாலரை இருந்தது. ஆசைப்பட்டு வந்த பிள்ளை, போகட்டும் என்று அக்கா டேப்பை இறுக்கிப் பிடித்து, இருபத்துமூன்று என்று நோட்டில் எழுதிவிட்டாள். மூச்சை அடக்கி நின்ற தங்கைக்கு அது தெரியவில்லை. மறுவாரம் முதலாளியம்மாவே டேப்பைக் கையில் எடுத்தார். இருபத்துநாலரை வந்தது; சீக்கிரம் இறக்காவிட்டால் பெயரை அடித்துவிடுவேன் என்றார். ஒரே வாரத்தில் ஒன்றரை அங்குலம் ஏறிவிட்டோமே என்று தங்கை வெலவெலத்துப் போனாள். அன்றிலிருந்து தட்டைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அக்காவுக்கு ஒவ்வொரு நாளும் உண்மை தொண்டை வரை வந்தது; சொன்னால் இருவர் வேலையும் போகும் என்று விழுங்கிவிட்டாள். அந்தக் கோழைத்தனத்துக்கு அவள் பிற்பாடு எந்தச் சமாதானமும் சொன்னதில்லை.

புதன்கிழமை பொம்மை முப்பத்தொன்று. வியாழக்கிழமை தச்சரை வரவழைத்தார்கள். அவர் இழைப்புளி போட்டுச் சீவினார். சீவல் சுருள்சுருளாகத் தரையில் விழுந்த கொஞ்ச நேரத்தில் எறும்பு மொய்த்தது. தச்சர் ஒன்றை எடுத்து மோந்து பார்த்தார், நுனி நாக்கில் வைத்தார், இழைப்புளியைக் கீழே போட்டார்.

“இது மரமில்லம்மா. யாரோ சாப்பிடாம விட்ட சாப்பாடு.”

எதுவாயிருந்தால் என்ன, இருபத்துமூன்று வரும்வரை சீவுங்கள் என்றார் முதலாளியம்மா. தச்சர் மறுபடி சீவத் தொடங்கிய நேரத்தில், உடை மாற்றும் அறையில் தங்கை ஒரு காலில் செருப்போடு மயங்கி விழுந்தாள். அவள் கண் விழிக்க முக்கால் மணி நேரம் ஆனது. அக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். சுண்டுவிரலும் கட்டைவிரலும் தாராளமாகச் சேர்ந்தன. அன்று பயந்ததுபோல் அவள் வாழ்நாளில் பயந்ததில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் பொம்மை இன்னும் பெருத்து, வெட்டும் அறையை ஒட்டிய உடுப்பு அறையின் வாசலை அடைத்துக்கொண்டது. நாற்பது உடுப்பும் உள்ளே. நான்கு பேர் தோள் கொடுத்துத் தள்ளியும் அசைந்து கொடுக்கவில்லை. மாடல்களில் மூத்தவள் அலுத்துப்போய், வாட்ச்மேன் வாங்கி வைத்திருந்த பாலை எடுத்துக் குடித்தாள். பொம்மை முனகி, ஒரு விரற்கடை உள்வாங்கியது. எல்லோரும் பார்த்தார்கள். அதுவரை கரண்டியே பிடித்தறியாத முதலாளியம்மா சாப்பாடு வரவழைத்துத் தன் கையால் பரிமாறினார். ஆறு பேர் சாப்பிட்டார்கள். பொம்மை மளமளவென்று இளைத்தது. ஆனாலும் ஒரு சாண் அகலம் கதவில் சிக்கியே நின்றது. அந்த ஒரு சாண் யாருடையது என்பதை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தங்கை சுவரோரம் வாயை இறுக மூடி உட்கார்ந்திருந்தாள்.

“இருபத்துமூணுல சேர்ந்தேன், ஒரே வாரத்துல ஏறிட்டேன்,” என்றாள். “என் உடம்பை நம்ப முடியாதுக்கா. ஒரு வாய் வச்சா பழையபடி பூசணி ஆயிடுவேன்.”

முதலாளியம்மா கரண்டியோடு பக்கத்திலேயே நின்றார். அக்கா அவரைப் பார்க்காமல் சொன்னாள்.

“நீ ஏறவே இல்லடி. அன்னைக்கும் இருபத்துநாலரைதான். நான்தான் டேப்பை இறுக்கிப் பிடிச்சேன்.”

தங்கை அவள் பக்கம் திரும்பினாள்.

“பதினாலு மாசம்,” என்றாள்.

அக்கா நீட்டிய தட்டை அவள் வாங்கவில்லை. மூத்த மாடல் வாங்கிக் கீழே வைத்தாள். தங்கை சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, கோபமாக, அழுதபடி, கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டாள். கதவு திறந்துகொண்டது.

உள்தையலில் எப்போதும் துணி விட்டு வெட்டுவது கட்டிங் மாஸ்டரின் பழக்கம். அன்று மாலைக்குள் நாற்பதையும் பிரித்துத் தளர்த்தினார்கள். காட்சி நடந்தது, மைக் சரியில்லை என்பதைத் தவிர யாரும் குறை சொல்லவில்லை. பொம்மை இருபத்தேழரைக்கு வந்து நின்றது, அதற்குக் கீழே இறங்க மறுத்துவிட்டது. முதலாளியம்மா கட்டிங் மாஸ்டரை வேலையை விட்டுத் தூக்குவதாக ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தார், பிறகு மறந்துவிட்டார்.

இது நடந்து ஒன்பது வருடம் ஆகிறது. இப்போதெல்லாம் செவ்வாய்க்கிழமை அளப்பது பொம்மையை மட்டும்தான். அரை அங்குலம் கூடியிருந்தால் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, சாப்பிடாதது யார் என்று கேட்கிறார்கள். ஒருமுறை அது முதலாளியம்மாவாகவே இருந்தது. தங்கை இரண்டு வருடம் அக்காவோடு பேசவில்லை. பிறகு ஒரு மதியம் டிபன் பாக்ஸோடு வெட்டும் அறைக்கு வந்து, பொம்மைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து திறந்தாள், அதுவே வழக்கமாகிவிட்டது. தெருவில் போகிறவர்களைக் கண்ணாலேயே அளந்து சொல்லக்கூடிய அக்காவுக்குத் தங்கையின் இடுப்பு மட்டும் எவ்வளவு என்று தெரியாது. போன செவ்வாய் பொம்மை இருபத்தேழரை காட்டியது. அதை நோட்டில் எழுதிவிட்டு இருவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள்.