விஜயகலா தெரிவு செய்த மதர்போர்ட்

அழகமுத்து றக்வானப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றின் பெக்டரியில் இருபத்தாறு வருடமாக ஃபிட்டர். ரோலர் மோட்டாரின் சத்தத்தை வைத்தே பெயாரிங் தேய்ந்துவிட்டதென்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவருக்கு, அந்தச் சனிக்கிழமை இரத்தினபுரி கம்பியூட்டர் கடையில் மகள் பேசியதில் பாதி விளங்கவில்லை.

விஜயகலா மாணிக்க வியாபாரிகளுக்கு மோதிரங்களைக் கம்பியூட்டரில் வடிவமைத்துக் கொடுப்பவள். செய்யாத நகையைப் போட்டோ பிடித்தது போலவே இருக்கும் அவள் படங்கள். பழைய கம்பியூட்டரில் ஒரு படம் முழுதாக வர முக்கால் மணி நேரம் ஆனது. அதனால் ஓவர்கிளாக் செய்து வேகத்தைக் கூட்டக்கூடிய ஒன்றைப் புதிதாகக் கட்ட நினைத்தாள். ப்ராசஸரைக் கொழும்பிலிருந்து முன்பே வரவழைத்துவிட்டாள். மதர்போர்டுதான் பாக்கி.

கடைக்காரர் ஹில்மி நானா, வானவில் மாதிரி லைட் எரிகிற போர்டொன்றை எடுத்து வைத்தார்.

"இதுதான் இப்ப நல்லா போகுது தங்கச்சி. பெட்டியிலயே ஓசீ, ஓவர்கிளாக்குனு போட்டிருக்கு, பாருங்க."

"அது ரேமுக்கு, நானா. இந்த போர்டுல இருக்கிற சிப்செட்டுல ப்ராசஸர் வேகத்த கூட்ட ஏலாது."

"யார் சொன்னது? நான் எத்தன பேருக்குக் குடுத்திருக்கேன்."

பெரிய கடை, முதலாளியோடு எதற்கு வாக்குவாதம்? அழகமுத்து மகளின் கையைத் தொட்டார். அவள் குரலை உயர்த்தவில்லை.

"போட்டுப் பார்ப்போங்க. ப்ராசஸர் கையிலதான் இருக்கு."

டெக்னீஷியன் ஹிஷாம் அதை மேசையில் பொருத்தினார். செட்டிங்ஸுக்குள் போய்ப் பத்து நிமிடம் தேடினார். வேகத்தைக் கூட்டும் இடம் மங்கலாகவே கிடந்தது, அமுக்கினாலும் அசையவில்லை.

"தங்கச்சி சொன்னது சரிதான், நானா" என்றார்.

அடுத்து இரண்டு போர்டுகள் வந்தன. இரண்டிலும் வேகத்தைக் கூட்டலாம். ஒன்று பளபளப்பு. மற்றது கறுப்பு, அலங்காரமே இல்லை. விஜயகலா ப்ராசஸருக்குக் கரண்ட் போகும் பகுதியைக் குனிந்து பார்த்தாள். கறுப்புப் போர்டில் அந்த இடத்தின் மேல் தடித்த அலுமினியக் கட்டி இருந்தது.

"இதுதான்பா."

"ஏன், அது ஆகாதா?" என்றார் அழகமுத்து.

"வேகத்த கூட்டினா கரண்ட் கூட இழுக்கும். இந்த எடம் கொதிக்கும். சூட்ட வெளிய தள்ள முடியலன்னா தானா வேகம் கொறஞ்சிரும்."

"மோட்டாருக்கு லோட கூட்டுற மாதிரியா?"

"அதேதாம்பா."

அவர் இரண்டையும் கையில் தூக்கிப் பார்த்தார். கறுப்பு கனமாக இருந்தது. "கறுப்பயே எடு" என்றார். இப்போது அவருக்கும் ஒரு கட்சி கிடைத்திருந்தது.

பகல் சாப்பாடு தாண்டி எல்லாம் கட்டி முடிந்தது. விஜயகலா வேகத்தைக் கூட்டி, சோதனைக்கு நீலக்கல் மோதிரமொன்றை ஓடவிட்டாள். இரண்டாவது நிமிடத்தில் திரை அப்படியே உறைந்தது. அழகமுத்து மேசைக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"போச்சாம்மா?"

"இல்லப்பா. ஆசப்பட்டு கூடக் கூட்டிட்டேன்."

கம்பியூட்டரை மறுபடி போட்டு, வேகத்தை ஒரு படி குறைத்தாள். இந்த முறை ஓடியது. பக்கத்தில் சூட்டைக் காட்டும் எண் ஏறி, எண்பது டிகிரிக்குக் கீழேயே நின்றது. கல்லின் நீலம் கட்டம் கட்டமாகத் தெளிந்தது. ஒன்பது நிமிடத்தில் படம் முடிந்தது. கடைக்கு வந்திருந்த வேறு இரண்டு பேரும் மேசையைச் சுற்றி நின்றார்கள்.

ஹில்மி லைட் போர்டின் பெட்டியை எடுத்து, அதன்மேல் பேனாவால் 'ஓவர்கிளாக் செய்ய ஏலாது' என்று சிங்களத்திலும் தமிழிலும் எழுதினார்.

"ஆறு பேருக்குத் தவறாச் சொல்லி வித்துட்டேன். போன் கோல் எடுத்துச் சொல்லணும்" என்றார். பிறகு அழகமுத்துவிடம், "ஒங்கட மக எங்க படிச்சது?" என்று கேட்டார்.

"தோட்டத்து ஸ்கூல்லதாங்க. இதெல்லாம் அவளாவே தேடிப் படிச்சது."

விஜயகலா வயர்களைச் சுருட்டுவது போலத் தலையைக் குனிந்துகொண்டாள்.

றக்வான பஸ்ஸில் அழகமுத்து புதுக் கம்பியூட்டர்ப் பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டார். "மொகத மாமே மே?" என, மடியில் இருப்பது என்னவென்று சிங்களத்தில் கேட்டான் கண்டக்டர். அழகமுத்து சிங்களத்திலேயே ஆரம்பித்தார்: மகள் தெரிவு செய்த போர்டு, முதலாளிக்கே தெரியாதது, ஒன்பதே நிமிடம். நடுவில் சிப்செட்டை செட்சிப் என்றார். விஜயகலா திருத்தவில்லை. வளைவுக்கு வளைவு பஸ் சாய, முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்க்க, அவர் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார்.